குலேந்திரன் மாஸ்டரின் ஒஸ்ரேலியப் பாடத்திட்டம்

ஒஸ்ரேலியாவில் 1966ஆம் ஆண்டு எந்தக் கோஷ்டியின் பாட்டு எத்தனையாம் இடத்துக்கு வந்தது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லக்கூடிய தமிழர் ஒருவர் டென்மார்க்கில், பிரெடெரிசியா என்ற ஊரில் இருந்தார். அவர் ஒஸ்ரேலியாவைக் கண்டவரில்லை. பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசித்தால்கூட, எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்க்கிற மனிசன். பெயர் குலேந்திரன். ஊரில், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், கணித ரியூசன் மாஸ்டர். டென்மார்க்கில் யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், சட்டத்துக்கு றப்பர் பூட்டுகிற வேலை.

ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மாஸ்டர் 1985 மார்கழியில் டென்மார்க்குக்கு வந்தபோது மனைவி சரோஜினிதேவியும் ஒன்றரை வயது மகள் கிருசாந்தியும் கோண்டாவிலில் நின்றார்கள். அகதி என்று ஏற்றுக்கொண்டு இவருக்குக் கடதாசி கொடுத்தது 1987இல். அந்தச் சித்திரையிலேயே பொலிஸ் நிலையத்துக்குப் போய், குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பத்தைக் கொடுத்தார். கலியாணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், படம் எல்லாம் வரிசையாக வைத்து, மூலையில் குண்டூசி குத்தி. ரியூசன் மாஸ்டர் அல்லவா, விடைத்தாள் கட்டுகிற கை.

பிறகென்ன, காத்திருப்புத்தான். மாதம் ஒருமுறை போய்க் கேட்பார். கருமபீடத்தில் இருந்த பெண்பிள்ளை, "கோப்பன்ஹேகனில் பார்க்கிறார்கள், நேரம் எடுக்கும்" என்பாள். அடுத்த மாதமும் அதே பதில், அதே சிரிப்பு. இந்தியப் படை போய் இறங்கிவிட்டது, இனி இலங்கையில் அமைதி, பெண்சாதி பிள்ளைகளை இங்கே கூப்பிடுவானேன், இருக்கிறவர்களும் திரும்பிப் போகலாமே என்று பேப்பரில் எழுதினார்கள். தமிழருடைய விண்ணப்பங்களைத் தொடாமல் அப்படியே வைக்கும்படி நீதி மந்திரியே சொல்லியிருந்தார் என்பது அந்த நேரம் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பதில் வரவில்லை என்பதுதான்.

இப்படியிருக்க, மெல்பேணில் இருந்த சரோஜினிதேவியின் தம்பி தேவராசாவிடமிருந்து 1988 வைகாசியில் ஒரு பார்சல் வந்தது. தேவராசாவுக்கு அங்கே இசைத்தட்டும் கசெற்றும் அடுக்கி வைக்கும் களஞ்சியம் ஒன்றில் வேலை. பார்சலுக்குள் ஆறு கசெற். அறுபதுகளின் ஒஸ்ரேலியப் பாட்டு இரண்டு, எழுபதுகளுக்கு இரண்டு, எண்பதுகளுக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் இருபது பாட்டு, இருபது வெவ்வேறு கோஷ்டி. ஒரே ஆளின் பாட்டு இரண்டு தரம் வராது. உள்ளே மடித்து வைத்த தாளில் எந்தக் கோஷ்டி, எந்த நகரம், எந்த ஆண்டு, எத்தனையாம் இடம் என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது.

கூடவே கடிதம். "அத்தான், டென்மார்க்கை நம்பி இனி இருக்காதேங்கோ. இஞ்ச வர விண்ணப்பம் போடுங்கோ. நேர்முகத்துக்குக் கூப்பிடுவாங்கள். இவங்கட இங்கிலீசு எங்கட பள்ளிக்கூட இங்கிலீசு மாதிரி இல்லை, காதில பிடிபடாது. இந்தக் கசெற்றுகளைப் போட்டுக் கேளுங்கோ. இந்தச் சனம் எப்பிடிப்பட்டது எண்டும் கொஞ்சம் விளங்கும்."

தேவராசா சொன்னது காதுப் பழக்கத்துக்கு. அதை மாஸ்டர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதில்தான் கதையே இருக்கிறது. நேர்முகம் என்றால் சோதனை. சோதனை என்றால் பாடத்திட்டம். பாடத்திட்டத்தை மைத்துனன் அனுப்பிவிட்டான்! பதினைந்து வருசமாகப் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் செய்துகாட்டி, வரப்போகிற கேள்வியை ஊகித்துச் சொன்ன மனிசனுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆறு கசெற், நூற்றிருபது பாட்டு, மூன்று பத்தாண்டு. அலகு அலகாகப் பிரித்துவிட்டார்.

நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினார். சிவப்புப் பேனையால் கோடு கீறி நிரல் போட்டார். கோஷ்டியின் பெயர், ஊர், ஆண்டு, இடம், கருத்து. அந்தக் "கருத்து" நிரல் இருக்கிறதே, அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "பலகையில் நின்று கடல் அலை ஏறுகிறார். இச்சனம் கடற்கரையை விரும்பும்." "லொறி ஓட்டுபவர், தூரம் அதிகம். நாடு பெரிது." "சுரங்கம் மூடப்பட்டது, வேலை இல்லை. கவனிக்க: இது மேற்குப் பகுதி." "காதலி போய்விட்டாள். கருத்து விசேடமாக இல்லை." காதலி போன பாட்டு மட்டும் நாற்பத்தேழு இருந்ததாம். எண்ணியிருக்கிறார்.

வேலைக்குச் சைக்கிளில் போகும்போது வாய் முணுமுணுக்கும். தொழிற்சாலையில் கூட வேலை செய்த டெனிஷ்காரர், இந்த ஆள் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். அவர் சொன்னது அடிலெயிட் நகரக் கோஷ்டிகளின் பட்டியல்.

அதோடு விட்டாரா? மனைவியைக் கூப்பிட முடியாமல் மாஸ்டர் குடியிருந்த அதே கட்டடத்தில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர். அவர்களில் மட்டக்களப்பைச் சேர்ந்த மாமாங்கம் என்பவன் கொஞ்சம் வாய்க்காரன். மாஸ்டர் ஒஸ்ரேலியாவுக்குப் படிக்கிறார் என்று கேள்விப்பட்டதும் நாங்களும் வருகிறோம் என்று வந்து குந்திவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வகுப்பு. குசினி மேசையில் கசெற் றெக்கோடர், எல்லோருக்கும் தேத்தண்ணி, பிந்தி வந்தால் மாஸ்டர் கதவு திறக்க மாட்டார். சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் படிப்பித்தார். ஒரு பாட்டை அரைவாசியில் நிறுத்தி, "கோஷ்டி ஆர்? நகரம் எது?" என்று விரலை நீட்டுவார்.

"மாஸ்டர், இதெல்லாம் அவனுகள் கேப்பானுகளா?" என்றான் மாமாங்கம் ஒருநாள். "நம்மட நாட்டுக்கு வாற வெள்ளைக்காரனிட்ட நாம சினிமாப் பாட்டா கேட்டு விசா குடுக்கிற?"

"அப்ப என்ன கேப்பாங்கள் எண்டு நீ சொல்லன்."

"எனக்குத் தெரியா."

"தெரியாட்டிப் படி."

மாமாங்கம் கொப்பியைத் திறந்தான். ஒன்றுமே செய்ய முடியாமல் இருக்கிறவனுக்குப் படிக்க ஏதாவது கிடைத்தால் அது எவ்வளவு ஆறுதல் என்று காத்திருந்தவனுக்குத்தான் தெரியும்.

கோண்டாவிலுக்கும் பாடம் போனது. மனைவியையும் கொழும்பில் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று தேவராசா சொல்லியிருந்தபடியால், மாஸ்டர் கடிதத்தோடு குறிப்புகளைப் பிரதி பண்ணி அனுப்பினார். சரோஜினிதேவி கெட்டிக்காரி, சொன்னால் செய்வாள். ஆனால் எழுதினாள்: "எல்லாம் பாடமாக்கிப் போட்டன். ஒரு பேரும் வாய்க்குள்ள நுழையுதில்லை. பிள்ளை என்னைவிட வடிவாச் சொல்லுது. நீங்கள் எப்ப கூப்பிடுவியள் எண்டு மட்டும் எழுதேல்லை."

அந்தக் கடைசி வரியை மாஸ்டர் பல தரம் வாசித்தார். அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

ஆவணி கடைசியில் ஒஸ்ரேலிய விண்ணப்பப் படிவம் வந்தது. பதினெட்டுப் பக்கம். பென்சிலால் நிரப்பி, பிறகு பேனையால் நிரப்பி வந்தவர் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். வேறு ஏதாவது நாட்டில் உமது குடும்பத்துக்கான விண்ணப்பம் நிலுவையில் உள்ளதா, ஓம் அல்லது இல்லை, என்று கேட்டிருந்தது.

ஓம் என்று எழுதினால், இந்த ஆளுக்கு எங்கள் நாட்டில் முழு மனம் இல்லை, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நினைப்பார்களே. இல்லை என்று எழுதினால் அது பொய். குலேந்திரன் மாஸ்டர் பொய் எழுத மாட்டார். அதில் அவர் ஒரு பிடிவாதக்காரர். வகுப்பில் பார்த்தெழுதிய பிள்ளையை வெயிலில் நிறுத்தியவர். ஆகவே அவர் பொய் எழுதவில்லை. எழுதப்போகிற பதில் உண்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக, உண்மையைப் போய் மாற்றினார். 1988 செப்டெம்பர் ஆறாம் திகதி கோப்பன்ஹேகனுக்கு நாலு வரியில் ஒரு கடிதம் போட்டார். என்னுடைய மனைவி மகள் தொடர்பான விண்ணப்பத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்படிக்கு. எப்படியும் செத்துப்போன விண்ணப்பம்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டார். வகுப்பில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும் எழுதவில்லை. பதினேழு மாதமாக ஒன்றுக்கும் பதில் போடாத அலுவலகம், இதற்கு மட்டும் ஒன்பது நாளில் பதில் போட்டது. உமது கடிதம் கிடைத்தது, விண்ணப்பக் கோவை மூடப்பட்டது என்று.

கார்த்திகையில் நேர்முகம். மாஸ்டர் ரயிலேறிக் கோப்பன்ஹேகனுக்குப் போனார். கோட்டு மாமாங்கத்தினுடையது, சப்பாத்து இன்னொருவருடையது. தூதரகத்தில் மேசைக்கு அங்காலே இருந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க அதிகாரி. பெயர், வயது, படிப்பு, தொழில் எல்லாம் கேட்டார். மாஸ்டர் காத்திருந்தார். எந்த அலகிலிருந்தும் ஒரு கேள்வியும் வரவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், "ஐயா, உங்கள் நாட்டைப் பற்றி நான் படித்திருக்கிறேன்" என்று தானே தொடங்கி, அறுபதுகளின் முதல் கசெற்றில் இருந்த இருபது கோஷ்டியை நகரம், ஆண்டு, இடத்தோடு ஒப்புவித்துவிட்டார். மூச்சு விடவில்லை.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். அவர் சிரித்தது கேலியாக இல்லை. "இந்தப் பாட்டுகள் என்னுடைய அப்பாவின் காரில் ஓடும். எனக்கு இதில் பாதிப் பெயர் தெரியாது" என்றார். பிறகு மாஸ்டரின் கோவையை மறுபடி புரட்டிவிட்டுக் கேட்டார். "டென்மார்க் உங்களை அகதியாக ஏற்றிருக்கிறது. இந்த நாட்டுச் சட்டப்படி மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுவது உங்களுடைய உரிமை. விரும்பினால் தருகிற சலுகை இல்லை. அப்படியிருக்க எங்களிடம் ஏன் வந்தீர்கள்? இங்கே விண்ணப்பிக்கவில்லையா?"

"விண்ணப்பித்தேன். பதில் இல்லை."

"அப்படியென்றால் அது நிலுவையில் அல்லவா இருக்கிறது? இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே?"

"இல்லை என்பதுதான் உண்மை. செப்டெம்பரில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டேன்."

அந்த இளம் அதிகாரி கோவையை மூடினார். "அதைச் செய்திருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். பாதுகாப்பான நாடு ஒன்று ஏற்கனவே ஏற்றுக்கொண்ட ஆளை ஒஸ்ரேலியா எடுக்காது என்று இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அது வருமுன்பே மாஸ்டருக்குத் தெரியும். திரும்பி வந்த ரயிலில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். நூற்றிருபது பாட்டைப் படித்தவர், தான் இருக்கிற நாட்டின் சட்டத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டவில்லை. வெண்ணெய் திரளமுன்பே தாழியைத் தானே தூக்கிப் போட்டு உடைத்த விண்ணன்!

அடுத்த சனிக்கிழமை மேசையில் கசெற் றெக்கோடர் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்த டெனிஷ் சட்டப் புத்தகம் இருந்தது. கூடவே ஒரு அகராதி. "இது எங்கட உரிமையாம். தந்தே ஆகவேணும். பதில் போடாமல் வைச்சிருக்கிறது பிழையாம்" என்று பலகையில் எழுதுவதுபோல மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். மாமாங்கமும் மற்றவர்களும் அவர் சொல்லச் சொல்ல முறைப்பாட்டுக் கடிதங்கள் எழுதினார்கள். இப்படி எத்தனையோ பேர், எத்தனையோ சட்டத்தரணிகள் நாடு முழுக்க எழுதினார்கள். தை மாதம் மந்திரி மாறினார். பூட்டிக் கிடந்த கோவைகள் வரிசைப்படி அசையத் தொடங்கின.

வரிசைப்படி. அதுதான் விசயம். மாஸ்டரின் பழைய கோவை மூடிவிட்டது. புதிய விண்ணப்பம், புதிய இலக்கம், புதிதாகச் சாட்சிப்படுத்திய பத்திரங்கள். அவற்றைக் கொடுக்கவேண்டிய அரச அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியோ பாதி நாள் பூட்டு. மாமாங்கத்தின் மனைவி வினோதா 1989 ஆவணியில் வந்து இறங்கினாள். "மாஸ்டராலதான் வந்தா" என்று சொல்லி மாமாங்கம் அவருக்கு மாலை போடாத குறை. வகுப்பில் இருந்த எல்லோருடைய பெண்சாதிமாரும் அந்த வருசம் முடியமுன்பே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் விமான நிலையத்துக்கு மாஸ்டரும் போவார். பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்.

அவருக்கு அனுமதி வந்தது 1990 ஆனியில். அதே கிழமை ஊரில் மறுபடி சண்டை மூண்டது. பாதை பூட்டு, ரயில் இல்லை, தபால் இல்லை. கடதாசி பிரெடெரிசியாவில், ஆட்கள் கோண்டாவிலில். ஆவணியில் ஒரு காலைமை விமானம் குண்டு போட்டது. பக்கத்து வளவில் விழுந்தது. தாய்க்கு ஒன்றுமில்லை. பதுங்குகுழி வாசலில் நின்ற பிள்ளைக்கு இடது காதால் இரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் காது கேட்கவில்லை. தாயும் மகளும் கொம்படிக் கடல்நீரேரிச் சேற்றுக்குள்ளால் நடந்து வெளியேறி, கொழும்பில் மாதக்கணக்கில் நின்று, டென்மார்க்குக்கு வந்து சேர 1991 சித்திரை ஆகிவிட்டது.

வந்த மூன்றாம் நாள் சரோஜினிதேவி கேட்டாள். "அப்ப ஒஸ்ரேலியா என்னாச்சு? அவ்வளவு பாடமாக்கினமே."

"மறுத்திட்டாங்கள்."

"இஞ்சத்தையான் அலுவல் ஏன் இவ்வளவு சுணங்கினது?"

"மந்திரி நிப்பாட்டி வைச்சவன்."

இரண்டும் பொய்யில்லை. பொய் சொல்லாத மாஸ்டர் மறுபடியும் பொய் சொல்லவில்லை. ஆனால் நகரசபை கொடுத்த காது கேட்கும் கருவியைக் காலையில் மகளின் காதில் பொருத்திவிடுகிறவர் அவர்தான். பொருத்துகிற வேலையை அவர் ஒருநாளும் மனைவியிடம் விட்டதில்லை. சரோஜினிதேவி பக்கத்தில் நின்று மந்திரியைத் திட்டுவாள். "நாசமாப் போவான், என்ர பிள்ளையின்ர காதைத் திண்டவன்." மாஸ்டர் கருவியின் மின்கலத்தை மாற்றுவார்.

1993 தையில், தமிழருடைய விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. மந்திரி செய்தது சட்டவிரோதம் என்று அச்சில் வந்துவிட்டது. அந்தக் கிழமையே அரசாங்கம் விழுந்தது. தமிழருடைய விண்ணப்பத்தால் ஒரு நாட்டின் அரசாங்கம் விழுவதாவது! எங்கள் சனம் ரீவிக்கு முன்னால் எழும்பி நின்று கைதட்டினது. உள்ளூர்ப் பேப்பரில் இருந்து ஒரு பெண் நிருபர், பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று வந்தாள். மாமாங்கம் யோசிக்கவே இல்லை. நேரே மாஸ்டர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

பின்னேரம் நாலு மணி. சரோஜினிதேவி நல்ல சேலை உடுத்திருந்தாள். எட்டு வயதுக் கிருசாந்தி நடுவில், கேட்கிற காதை நிருபரின் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தாள். நிருபர் பிள்ளையின் கருவியைப் பார்த்தாள், கொப்பியில் எழுதினாள். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "நீங்கள் எப்போது விண்ணப்பித்தீர்கள்?" என்று டெனிஷில் கேட்டாள்.

"1987 சித்திரை" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. மனைவிக்கு டெனிஷ் இன்னும் கடைவீதி அளவுதான். தமிழில் இரண்டு வருசமாக வாயைத் திறக்கத் துணிவில்லாத மனிசன், அவளுக்கு விளங்காத பாசையில் எல்லாவற்றையும் கொட்டினார். படிவத்தின் பன்னிரண்டாம் பக்கம், நாலு வரிக் கடிதம், மூடிய கோவை, புதிய இலக்கம். மந்திரி நிறுத்தி வைத்தது உண்மை, ஆனால் என் கோவை அந்த வரிசையில் இருந்திருந்தால் இவர்கள் 1989இல் வந்திருப்பார்கள், குண்டு விழுந்தபோது அங்கே இருந்திருக்க மாட்டார்கள் என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

நிருபரின் பேனை நின்றுவிட்டது. சரோஜினிதேவி இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, அப்பா என்ன சொல்லுறார்?"

கிருசாந்திக்கு மறைக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்திலும் ஆசுப்பத்திரியிலும் தாய்க்கு மொழிபெயர்க்கிற அதே குரலில், ஒன்றும் விடாமல் சொன்னாள். "மந்திரி பேப்பரை நிப்பாட்டினது உண்மைதானாம். ஆனா அப்பா தான் போட்ட பேப்பரைத் தானே திருப்பி எடுத்தவராம். ஒஸ்ரேலியாவுக்குப் போறதுக்கு. எடுக்காட்டி நாங்கள் வினோதா மாமி ஆக்கள் வந்த நேரம் வந்திருப்பமாம். குண்டு போடேக்க அங்க நிண்டிருக்க மாட்டமாம். அவ்வளவும்தான் சொன்னவர்."

சரோஜினிதேவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உண்மையே?"

"ஓம்."

"எப்ப எடுத்தனீங்கள்?"

"எண்பத்தெட்டு. செப்டெம்பர் ஆறு."

அவள் அழவில்லை, கத்தவில்லை. மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். "அவவை எழுதச் சொல்லு, பிள்ளை" என்றாள். "அந்த மந்திரி செய்ததையும் எழுதச் சொல்லு. இவர் செய்ததையும் எழுதச் சொல்லு."

கிருசாந்தி சொன்னாள். நிருபர் எழுதினாள்.

சனிக்கிழமைப் பேப்பரில் மூன்று பேரும் இருக்கிற படம் வந்தது. கீழே மந்திரி செய்தது மட்டும் இருந்தது. மற்றது இல்லை. மாமாங்கம் ஐந்து பிரதி வாங்கி எல்லோருக்கும் காட்டித் திரிந்தான். சரோஜினிதேவி தன்னுடைய பிரதியைக் கத்தரித்தாள். பள்ளிக்கூடக் கடதாசிகளும் காதுச் சோதனைக் கடதாசிகளும் இருக்கிற மகளின் கோவையில் அதை ஒட்டினாள். பிறகு நீலப் பேனையை எடுத்து, படத்துக்குக் கீழே, பேப்பர் விட்டுப்போனதைத் தமிழில் மூன்று வரியில் எழுதினாள். எழுதிவிட்டு, கோவையைத் திறந்தபடியே மாஸ்டருக்கு முன்னால் வைத்தாள்.

மாஸ்டர் வாசித்தார். பிழை திருத்துகிற கண்ணால் இரண்டாம் தரமும் வாசித்தார். திகதி சரியாக இருந்தது.